புறநகருக்கு வேண்டும் பொது நீச்சற்குளம்

புறநானூற்றின் 243ஆம் பாடலைப் படிக்காத தமிழ் மாணவர் இரார். கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் முதியவர் ஒருவர் தம் இளமையை எண்ணி இரங்குவதாக அமைந்த பாடல் அது. மணலில் பாவை செய்து பூச்சூட்டியது, குளிர்ந்த பொய்கையில் மகளிரோடு கைகோத்து ஆடியது, நீரின் பக்கம் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறியது, கரையில் நின்றோர் வியக்க நீர் தெறிக்கக் குதித்தது, ஆழத்தில் மூழ்கி அடிமணலை அள்ளி வந்து காட்டியது என்று அவர் நினைவு விரிகின்றது. அந்த ஒரு கைப்பிடி மணலே அக்காலச் சிறுவன் பெற்ற நீச்சற் சான்றிதழ் எனலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பாடலை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது, "உங்களில் நீந்தத் தெரிந்தவர்கள் கை உயர்த்துங்கள்" என்றோம். விடுதியில் தங்கிப் பயிலும் தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூர் மாணவர்கள் சிலர் சிரித்துக்கொண்டே கை உயர்த்தினர். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய புறநகர்ப் பகுதிகளிலிருந்து நாள்தோறும் மின்தொடர் வண்டியில் வந்து செல்லும் மாணவர்களில் ஒருவர் கையும் எழவில்லை.

வகுப்பு முடிந்தபின் அவர்களுள் ஒருவர் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார். "ஐயா, என் அண்ணன் கல்குவாரிக் குட்டையில் போனவர். கூடப் போன நான்கு பேருக்கும் நீச்சல் தெரியாது. கரையில் நின்று கத்தத்தான் முடிந்தது என்று சொன்னார்கள்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. நமக்கும் சொல்ல ஒன்றுமில்லை. அன்று சொல்ல இயலாததையே இக்கட்டுரையில் சொல்ல முற்படுகின்றோம்.

ஏரிகளின் நடுவே நீந்தத் தெரியாத ஊர்

சென்னையின் தென்புறத்தில் தாம்பரம் வளர்ந்த வரலாறு நெடியது. 1931இல் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி அங்குக் குடிபெயர்ந்தது. அதன்பின் வயல்கள் மனைகளாயின, மனைகள் அடுக்குமாடிகளாயின. 2001இல் 1,44,623 ஆக இருந்த பல்லாவரம் நகராட்சியின் மக்கள்தொகை 2011இல் 2,15,417 ஆயிற்று. 2021ஆம் ஆண்டு நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டு, 70 வார்டுகளைக் கொண்ட தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே இப்பகுதியின் மக்கள்தொகை ஏழு லட்சத்தைக் கடந்திருந்தது.

இவ்வூரைச் சுற்றிலும் நீர்நிலைகளுக்குக் குறைவில்லை. சிட்லபாக்கம், சேலையூர், செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், பீர்க்கன்காரணை என எப்பக்கம் திரும்பினும் ஓர் ஏரி உண்டு. ஆயினும், இங்குப் பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரிவதில்லை. இம்முரண்பாட்டிற்குக் காரணம் என்ன?

முன்னாளில் ஊர்க்கிணறே நீச்சற் பள்ளியாக விளங்கிற்று. காய்ந்த சுரைக்குடுக்கையையோ காலித் தகரத்தையோ முதுகில் கட்டி, இடுப்பில் கயிறு பிணைத்து, மாமனோ சித்தப்பனோ பிள்ளையைக் கிணற்றில் இறக்கிவிடுவார். மேலே கயிற்றின் மறுமுனை அவர் கையில் இருக்கும். சில நாட்களில் குடுக்கை கழலும். பின்னர்க் கயிறும் கழலும். கட்டணம் இல்லை, பாடநூல் இல்லை, ஆனால் கண்காணிக்க ஒரு பெரியவர் எப்போதும் இருந்தார். இச்செய்தியே இங்கு முதன்மையானது.

இறைவைக் கிணறுகள் தூர்ந்து ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. ஆறங்குல அகலமுள்ள குழாய்க்குள் எந்தப் பிள்ளையும் நீந்தக் கற்க இயலாது. ஏரிகளிலோ வீடுகளின் கழிவுநீர் கலந்தது, ஆகாயத்தாமரை படர்ந்தது. சிட்லபாக்கம் ஏரி போன்றவை குடியிருப்போர் முயற்சியாலும் அரசின் பணியாலும் சீர்பெற்றுள்ளமை மகிழ்ச்சிக்குரியது. எனினும், அவை நீர் தேக்கவும் நடைபயிலவும் ஏற்றவையேயன்றிக் குழந்தைகள் இறங்கிப் பழகத் தக்கவை அல்ல. இவ்வாறு நீச்சல் கற்ற இடங்கள் மறைந்தன. அவற்றின் இடத்தில் வேறொன்றை நாம் அமைக்கவில்லை.

குட்டை என்னும் பொறி

நீந்தும் இடம் மறைந்ததால், நீரில் இறங்கும் ஆசையும் மறைந்துவிடவில்லை. மே மாதத்து வெயிலில், பள்ளி விடுமுறையில், பதினைந்து வயதுச் சிறுவர்கள் தண்ணீரைத் தேடிச் செல்வது இயற்கை. அவர்கள் கண்ணில் படுவது கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டையே.

திரிசூலம், பம்மல், பல்லாவரம் ஆகிய இடங்களின் குன்றுகள் சார்னோகைட் என்னும் கடும்பாறையால் ஆனவை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பயன்பட்டதால் அப்பாறைக்கு அப்பெயர் அமைந்தது. இக்குன்றுகளை நெடுங்காலம் வெட்டியெடுத்ததன் பயனாக ஆழ்ந்த பள்ளங்கள் தோன்றி, மழைநீரும் ஊற்றுநீரும் அவற்றில் நிறைந்தன. மேலிருந்து பார்ப்பவர்க்கு அந்நீர் பச்சை நிறத்தில் அமைதியாகத் தோன்றும். ஆனால் ஏரியைப்போல் அதற்குச் சரிந்திறங்கும் கரை இல்லை. ஓரடி முழங்காலளவு, அடுத்த அடி பனைமரத்தளவு. வெடிவைத்துப் பிளந்த சுவர்கள் செங்குத்தானவை, பாசி படிந்தவை, ஏறிவரப் பற்றுக்கோடு இராது. நீருக்கடியில் கூரிய பாறைகள் கண்ணுக்குப் புலப்படா. நன்கு நீந்துவோர்க்கே அஞ்சத்தக்க அவ்விடத்தில் நீந்தவே அறியாதோர் இறங்குகின்றனர்.

நீரில் மூழ்குவோர் திரைப்படங்களில் காட்டுவதுபோல் கையசைத்துக் கூவுவதில்லை. வாய் நீர்மட்டத்திற்குக் கீழே போவதும் வருவதுமாக இருக்கையில் மூச்சிழுக்கவே நேரமில்லை. குரல் எப்படி எழும்? பெரும்பாலும் ஓசையின்றியே அனைத்தும் முடிந்துவிடுகின்றன. உடன் வந்தவன் கண்டுகொண்டாலோ, நட்பின் வேகத்தில் தானும் பாய்கின்றான். மூழ்குபவன் அவன் கழுத்தைப் பற்றிக்கொள்கின்றான். ஒரே குட்டையில் இரண்டு, மூன்று பிள்ளைகள் சேர்ந்து மாண்ட செய்திகளை நாளேடுகளில் கோடைதோறும் காண்கின்றோமே, அதன் காரணம் இதுதான்.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இவ்வாறு மாண்டனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் ஏறக்குறையக் கால்பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். 2021ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை சூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. இதனை 'விதி' என்று நாம் சொல்லிக் கடந்துபோகும் காலம் முடியவேண்டும். தடுக்கத்தக்க சாவை விதி என்பது நம் பொறுப்பினின்று நழுவுவதேயாகும்.

அண்டை நாடு காட்டிய வழி

வங்காளதேசம் செல்வம் மிக்க நாடன்று. குளமும் ஆறும் மிக்க நாடு. அங்கு, நான்கு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு உயிர்காக்கும் நீச்சலைக் கற்பிக்கும் திட்டம் ஒன்றை வகுத்தனர். ஊர்க்குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டி, நான்கு பக்கமும் அடைத்து, பிள்ளையின் மார்பளவு நீரில் பயிற்றினர். பயிற்றுநர்களும் அவ்வூர் இளைஞர்களே. 25 மீட்டர் தொலைவு நீந்துதல், 30 நொடி மிதத்தல், மூழ்கும் ஒருவரைத் தாம் நீரில் குதிக்காமலே கரைசேர்த்தல் ஆகிய மூன்றும் கற்றால் பயிற்சி நிறைவு. பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே மூழ்கிச் சாதல் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் குறைந்தமையை 2012இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டிற்று.

மூன்றாவது பாடத்தின் அருமையை உணர நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் மூழ்கினர். அருகிலிருந்த பெண்கள் மூவர் தாம் உடுத்திருந்த சேலைகளை அவிழ்த்து நீரில் வீசி, இருவரை இழுத்துக் காத்தனர். மற்ற இருவரைக் காக்க இயலவில்லை. அப்பெண்களின் துணிவை அரசு விருதளித்துப் போற்றியது. எட்டும் கம்பை நீட்டு, எட்டாவிடில் துணியையோ கயிற்றையோ வீசு, நீந்தத் தெரியாதாயின் இறங்காதே என்னும் எளிய அறிவு ஒவ்வொரு பிள்ளைக்கும் இருந்திருப்பின், ஒருவரோடு மற்றொருவர் சேர்ந்து மாளும் கொடுமையேனும் நின்றிருக்கும்.

எத்தகைய குளம் வேண்டும்?

நீச்சற்குளம் என்றவுடன் பலர் மனத்தில் நட்சத்திர விடுதியின் நீலக்குளமோ, பந்தயம் நடக்கும் பெருங்குளமோ தோன்றும். சென்னையில் 1995ஆம் ஆண்டுத் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வேளச்சேரியில் எழுந்த நீச்சல் வளாகம் அத்தகையது. மெரினா கடற்கரையில் மாநகராட்சியின் குளமும் உண்டு. இவை போற்றத்தக்கவையே. ஆயினும், முடிச்சூரிலோ பம்மலிலோ வாழும் ஒரு கூலித்தொழிலாளியின் பிள்ளை பள்ளிவிட்டு வந்து மாலையில் அவ்வளவு தொலைவு சென்று திரும்புதல் எங்ஙனம்? அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குள் இருக்கும் குளங்களோ அங்கு வீடு வாங்கியவர்களுக்கு மட்டுமே உரியவை. இவ்வளவு மக்கள் பெருகிய புறநகரில் அதற்கு ஒப்பப் பொதுக்குளங்கள் பெருகவில்லை என்பது கண்கூடு.

நாம் வேண்டுவது பந்தயக்குளம் அன்று; பயிற்சிக்குளம். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி ஒரு மீட்டர் ஆழம் இருந்தாற் போதும். ஒரு வேளைக்குப் பதினைந்து பிள்ளைகள், நாளுக்கு எட்டு வேளை, ஒவ்வோர் அணிக்கும் ஒரு மாதப் பயிற்சி என வைத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 120 பிள்ளைகள் கற்பர். பராமரிப்புக்கும் மழைக்கும் இரண்டு மாதம் விட்டாலும் ஆண்டுக்கு 1,200 பேர். தாம்பரம் மாநகராட்சியின் ஐந்து மண்டலங்களிலும் ஒவ்வொன்று அமையுமாயின் ஆண்டுக்கு 6,000 பேர். பத்தாண்டில் 60,000 பேர். ஒரு தலைமுறையே நீந்தக் கற்றுவிடும்.

கட்டுவதினும் காத்தல் அரிது. உயிர்காப்பாளர் இல்லாத குளமும் ஒரு கல்குவாரிக் குட்டையே. எனவே, பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் இருவர் குறையாமல் கரையில் நிற்றல், ஆழத்தைக் குறிக்கும் தெளிவான எழுத்து, பூட்டத்தக்க வேலி, நாள்தோறும் குளோரின் அளவைச் சோதித்தல் ஆகியன கட்டடத்தோடு சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும். திறப்பு விழாவிற்குப் பணம் ஒதுக்கிச் சம்பளத்திற்கு ஒதுக்காத வழக்கம் இங்கு உயிருக்கே கேடாகும்.

தண்ணீருக்கு எங்கே போவது?

"குடிக்கவே தண்ணீர் இல்லை, குளிக்கக் குளமா?" என்று கேட்போர் உண்டு. அவர்களை எளிதில் புறந்தள்ளலாகாது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, சூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டராகத் தண்ணீர் கொணர்ந்த நகரம் இது. அந்நாளில் லாரியின் பின்னே குடத்தோடு நின்ற தாய்மார்களின் கேள்வி நேர்மையான கேள்வி.

ஆகவே கணக்கிட்டே விடை சொல்வோம். மேற்சொன்ன பயிற்சிக்குளம் கொள்ளும் நீர் 72,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் லாரி ஆறு. அந்நீரை நாள்தோறும் மாற்றுவதில்லை. வடிகட்டியின் வழியே சுற்றிவரச் செய்து தூய்மையாக்கி, மீண்டும் மீண்டும் பயன்படுத்துவர். வெயிலில் ஆவியாவது நாளொன்றுக்கு ஆறேழு மில்லிமீட்டர் எனக் கொண்டால் ஏறத்தாழ 500 லிட்டர். நகர்ப்புறத்தில் ஆளுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டின் அளவுகோல். அவ்வகையில் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் ஒருநாள் தேவையைவிட இது மிகவில்லை. பிள்ளைகள் உடல் கழுவவும் வடிகட்டியை அலசவும் ஆகும் நீரைச் சேர்த்தாலும், பதினைந்து குடும்பங்களின் நாட்தேவையை ஒட்டியே நிற்கும் என்பது நம் கணிப்பு. அக்கழிவுநீரும் தெளியவைத்தபின் மரங்களுக்குப் பயன்படும். கூரைநீரைச் சேமிக்கும் தொட்டியையும் உடன் அமைக்கலாம். 2019 போன்ற கொடுவறட்சி மீண்டும் வருமாயின் அவ்வாண்டில் குளத்தை மூடிவிடுவோம், அதில் இழுக்கில்லை.

தண்ணீர் இல்லாத ஊர் இது என்பதும் பாதி உண்மையே. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிய மழையில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அடையாற்றின் வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தது. 2023ஆம் ஆண்டு மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர் நீரில் நின்றது. ஓடும் வெள்ளத்தை எதிர்த்து நீந்துதல் தேர்ந்தவர்க்கும் அரிது என்பதை மறவோம். ஆயினும், நீரைக் கண்டவுடன் நிலைகுலையாமல் மிதந்து காத்திருக்கத் தெரிந்த பிள்ளைக்கும், அது தெரியாத பிள்ளைக்கும் இடையே உள்ள வேறுபாடு, சில வேளைகளில் ஓர் உயிரின் அளவாகும்.

பெண்மக்களை மறவோமாக

நீச்சல் ஆடவர்க்கே உரியதெனக் கருதும் பெற்றோர் இன்றும் பலர். முதியவர் நினைவுகூரும் அப்பொய்கையில் மகளிரும் ஆடினர் என்பதைப் பாடமாகப் படிக்கின்றோம், வீட்டில் மறந்துவிடுகின்றோம். நீர் ஆண், பெண் வேறுபாடு பார்ப்பதில்லை. குளத்தில் துணி துவைக்கச் சென்று தவறி விழும் பெண்களும், தம்பியைக் காக்கப் பாய்ந்து மாளும் அக்காள்களும் செய்தித்தாளில் இடம்பெறத்தான் செய்கின்றனர்.

பெற்றோரின் தயக்கத்தையும் நாம் இகழவில்லை. நாணமும் பாதுகாப்பும் மதிக்கத்தக்கவை. அவற்றிற்கு இடமளிக்கும் ஏற்பாடு அரிதுமன்று. வாரத்தில் குறித்த நாட்கள் மகளிர்க்கு மட்டும். பயிற்றுநரும் உயிர்காப்பாளரும் பெண்களே. பார்வை படாத மதில். உடல் மறைக்கும் நீச்சலுடைக்கு இசைவு. இவ்வளவு செய்தால் எந்தக் குடும்பமும் மகளை அனுப்பத் தயங்காது. திட்டம் வரைகையிலேயே இதனை எழுதிவிட வேண்டும். பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டவை ஒருநாளும் சேர்வதில்லை.

யார் செய்வது?

முதற்கடமை மாநகராட்சிக்கு உரியது. நூலகத்தையும் பூங்காவையும் எவ்வாறு வரிப்பணத்தில் அமைக்கின்றோமோ, அவ்வாறே பயிற்சிக்குளமும் அமைதல் வேண்டும். இரண்டாவதாக, கைவிடப்பட்ட குட்டைகளைச் சுற்றி வேலி எழுப்பி எச்சரிக்கைப் பலகை நாட்டுதல் உடனடியாக ஆகவேண்டியது. குளம் கட்டி முடிக்கும்வரை கோடை காத்திராது.

எல்லாவற்றையும் அரசின்மேல் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்குதலும் தகாது. பெருங்கல்வி நிறுவனங்கள் கட்டடத்தின்மேல் கட்டடம் எழுப்புகின்றன. அவற்றுள் ஒன்று பயிற்சிக்குளமாக அமைந்து, விடுமுறை நாட்களில் சுற்றுப்புறப் பிள்ளைகளுக்கும் திறக்கப்படலாம். சமுதாயப் பெரியோர் மண்டபங்களுக்கு மனமுவந்து வழங்குவதில் ஒரு பகுதியை, ஏழைப் பிள்ளைகளின் பயிற்சிக் கட்டணத்திற்கு ஒதுக்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கயிறு வீசிக் காக்கும் முறையையும் முதலுதவியையும் கற்றுப் பள்ளிதோறும் சென்று கற்பிக்கலாம். அதற்குக் குளமே தேவையில்லை. ஒரு கயிறும் ஒரு திடலும் போதும். நாளையே தொடங்கலாம்.

வள்ளுவர் பிறவியைப் பெருங்கடலாகவும், அதனைக் கடத்தலை நீந்துதலாகவும் உருவகித்தார். கேட்போர் நீச்சலை அறிந்தவர் என்ற நம்பிக்கை இல்லாமல் ஒரு புலவர் அவ்வாறு பாடியிருக்க மாட்டார். இன்றைய வகுப்பறையில் அவ்வுவமையைச் சொற்பொருள் கூறி விளக்கவேண்டியிருக்கின்றது. இலக்கியம் நம்மைவிட்டு விலகியது என்று வருந்துகின்றோம். அவ்விலக்கியம் பிறந்த வாழ்க்கையைவிட்டு நாமே விலகினோம் என்பதை எண்ணுவதில்லை.

இனி ஒருகால் அப்புறப்பாடலை வகுப்பில் நடத்துகையில் மீண்டும் அதே கேள்வியைக் கேட்போம். புறநகர்ப் பிள்ளைகள் அனைவரும் தயங்காமல் கை உயர்த்தும் நாள் வரவேண்டும். தம் அண்ணனைக் கல்குட்டையில் பறிகொடுத்த அம்மாணவர்க்கு அன்று நாம் சொல்லாமல் விட்ட மறுமொழி அதுவாகவே இருக்கும். ஆவன செய்ய மாநகராட்சியும் கல்வி நிறுவனங்களும் சமுதாயப் பெரியோரும் முன்வருவார்களாக.